தெக்லா கூப்பிட்ட பெயர்

தெக்லாவுக்கு ஊர் வைத்த முதல் பட்டப்பெயர் லியாஷ்கா. போலந்துக்காரி என்பதை எங்கள் வில்ஷானாவில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் அப்படித்தான் வரும். இத்தனைக்கும் அவள் அசல் உக்ரைன்காரி. அவளுடைய அப்பன், பாட்டன் எல்லோரும் எங்கள் மரக்கோயிலுக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறார்கள். ஆனால் மணந்துகொண்டது ஒரு போலந்துக்காரனை. ஊருக்கு அது போதாதா?

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எங்களுக்குக் கோயில், அவர்களுக்குக் கொஸ்தெல் என்கிற போலந்துக் கோயில். மரம் அறுக்கும் ஆலையில் சேர்ந்து வேலை பார்ப்போம், சந்தையில் சேர்ந்து பேரம் பேசுவோம், கல்யாண வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிப்போம். போதை ஏறியதும் எப்போதோ செத்துப்போன ராஜாக்களின் பெயரைச் சொல்லி அடித்துக்கொள்வோம். மறுநாள் காலையில் வீங்கிய கண்ணோடு ஆலைக்குப் போவோம். அப்போதெல்லாம் எங்கள் பகை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

மார்ட்சின் அந்த ஆலையில் ரம்பம் தீட்டுகிறவன். நெடுநெடு உயரம், பேச்சு குறைவு, ஆட்டம் சுத்தமாக வராது. கல்யாணங்களில் தெக்லா ஆடுவதை மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். அவள்தான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "இப்படியே பாத்துக்கிட்டு நின்னா நான் கெழவி ஆயிடுவேன்" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பெண் கேட்டு வந்துவிட்டான். தெக்லாவின் அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"புள்ளைங்க யாரு பக்கம்?"

"வழக்கப்படிதான் மாமா. பையன் பொறந்தா எங்க கொஸ்தெல். பொண்ணு பொறந்தா உங்க கோயில்."

"எல்லாம் பொண்ணாவே பொறந்துட்டா?"

"அப்ப நான் ஒருத்தனாப் போய் ஜெபம் பண்ணிட்டு வர்றேன்."

கிழவர் சிரித்துவிட்டார். பெண்ணைப் பெற்றவன் சிரித்துவிட்டால் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. சம்மதத்துக்கு அடையாளமாகப் பூவேலை செய்த துண்டை எடுத்து மாப்பிள்ளை தோளில் கட்டச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இரண்டு இனமும் கலந்த வீடுகளில் இதுதான் சட்டம். மகன் அப்பனின் கோயிலுக்கு, மகள் ஆத்தாளின் கோயிலுக்கு. இரண்டு பாதிரியாருக்கும் சண்டை வராமல் இருக்க யாரோ கெட்டிக்காரன் கண்டுபிடித்த ஏற்பாடு. அந்தக் கெட்டிக்காரன் மட்டும் என் கையில் கிடைத்தால் அவனிடம் நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

உலகப் போர் தொடங்கிய பிறகு வந்த குளிர்காலம் ஒன்றில் தெக்லாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. முதலில் பையன், பின்னாலேயே பெண். ஞானஸ்நானம் ஒரே நாளில்தான் நடந்தது. பாலம் வரைக்கும் எல்லோரும் ஒன்றாக நடந்து வந்தார்கள். அங்கே மார்ட்சினின் அக்கா யாத்விகா பையனை வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து கொஸ்தெலுக்குப் போனாள். தெக்லாவின் சித்தி பெண்ணை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். பையனுக்கு லுத்விக் என்று பெயர் வைத்தார்கள், பெண்ணுக்கு யாரினா என்று. "ஒரே வயிறு, ரெண்டு நாடு" என்று பக்கத்து வீட்டு யவ்தோகா கேலி செய்தாள். தெக்லாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அது வெறும் கேலி.

அந்த வீட்டில் வருஷத்துக்கு இரண்டு கிறிஸ்துமஸ். டிசம்பரில் அப்பா பக்கத்துக் கிறிஸ்துமஸ், ஜனவரியில் அம்மா பக்கத்துக் கிறிஸ்துமஸ். தேனும் கசகசாவும் போட்ட கோதுமைப் பாயசம் இரண்டு தடவையும் உண்டு. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அந்த இரட்டையரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

லுத்விக் என்ற பெயர் தெக்லாவின் நாக்கில் நிற்கவில்லை. மார்ட்சின் வீட்டில் அதை லுத்விஷ் என்று செல்லமாகச் சுருக்குவார்கள். அதுவும் இவளுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் எங்கள் பாஷையின் வாலை ஒட்டி லுத்கோ என்று ஆக்கிவிட்டாள். போலந்துத் தலை, உக்ரைன் வால். அப்படி ஒரு பெயர் எந்தக் கோயிலிலும் கிடையாது, யாரும் யாருக்கும் வைத்ததில்லை. யாத்விகாவுக்கு அதைக் கேட்டாலே எரியும்.

"ஒரு ராஜாவோட பேரு. அதுக்குப் பின்னால ஆட்டு வால் மாதிரி எதுக்குடி ஒரு 'கோ'?"

"ராஜா எங்க மதினி இருக்காரு? மூக்கு ஒழுகிக்கிட்டுல்ல நிக்கிறாரு."

பையன் விடிந்தால் அத்தை வீட்டு ஆட்டுக்குட்டிகளோடுதான் விளையாடப் போவான். சாயங்காலம் தெக்லா ஆற்றங்கரையில் நின்று குரல் கொடுப்பாள். மலைப்பக்கத்துப் பெண்கள் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தை நீட்டி, மேலே ஏற்றி, அங்கேயே நிறுத்தி: "லுத்கோ-ஓ-ஓ!" அக்கரையிலிருந்து "வர்றேன்" என்று கேட்கும். அது கேட்ட பிறகுதான் அடுப்பில் சோளமாவைக் கிண்டப் போவாள்.

பிறகு அந்த வருஷம் வந்தது. எங்கள் பக்கம் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கமும் இருந்தார்கள். ஒரு ஊர் எரிந்தால் மறுவாரம் இன்னொரு ஊர் எரிந்தது. எரித்தவர்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டுதான் போனார்கள். மார்ட்சின் ஒருநாள் ஆலைக்குப் போனவன் திரும்பவில்லை. மரத்தூள் குவியலுக்கு அடியிலிருந்து அவனை எடுத்தார்கள். யார் செய்தது என்று கேட்காதீர்கள். ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் வாயைத் திறக்காது, இன்றைக்கும்.

அடுத்த வசந்தத்தில் போலந்துக்காரர்களையெல்லாம் மேற்கே அனுப்பப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. எல்லையை நகர்த்திவிட்டார்களாம், அதனால் ஆட்களையும் நகர்த்துகிறார்களாம். தெக்லா போகிற எண்ணத்தில் இல்லை. ஆனால் அவளுடைய சித்தப்பா மகன் ஹ்ரின் ஒருநாள் வேலிக்கு வெளியே நின்றபடியே பேசினான். அவனுக்குக் காட்டுக்காரர்களோடு பழக்கம் உண்டு.

"அக்கா, பொண்ணு நம்ம கோயில் பொண்ணு. அவள யாரும் தொட மாட்டாங்க."

"பையன்?"

ஹ்ரின் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டான்.

"பையன நான் எத்தன நாளைக்குக்கா காவல் காக்க முடியும்? அனுப்பிடு."

தெக்லா நாத்தனாரிடம் ஓடினாள். யாத்விகா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் வர்றேன் மதினி. ரெண்டு புள்ளையும் தூக்கிக்கிட்டு வர்றேன்."

"வந்து?" யாத்விகா நிமிரவில்லை. "நீ வாயத் தொறந்தா ஒங்க பாஷதான் வருது. ரயில்ல கூட வர்றவங்க எல்லாம் யாரு? வீட்ட எரிகொடுத்தவங்க, புள்ளையப் பறிகொடுத்தவங்க. என் தம்பிக்கு இங்க நடந்தது ஒனக்கும் யாரினாவுக்கும் அங்க நடக்கும். லுத்விக்க குடு. என் புள்ளையா வளக்குறேன். சண்டையெல்லாம் அடங்கட்டும், பாத்துக்கலாம்."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. தெக்லா வீட்டுக்கு வந்து பையனுக்குத் தலை சீவிவிட்டாள்.

ரயில் என்றால் மாடு ஏற்றுகிற வண்டிதான். ஜன்னல் கிடையாது. பையனை மேலே தூக்கிக் கொடுத்தபோது அவன் அழவில்லை. ஆட்டுக்குட்டிகளும் வருகின்றன என்பதால் அவனுக்கு ஒரே சந்தோஷம். அம்மா ஏறவில்லை என்று கவனித்த பிறகுதான் கேட்டான்.

"நீ எப்ப வருவ?"

"கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்."

"எந்தக் கிறிஸ்துமஸுக்கு?"

"ரெண்டாவதுக்குடா" என்றாள். அது அவளுடைய கிறிஸ்துமஸ், கொஞ்சம் பிந்தி வருவது. அவன் சரியென்று தலையாட்டினான். கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்தது எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான். ஜெர்மானியரிடமிருந்து பிடுங்கிய ஏதோ ஊரில் குடியேறியிருப்பதாக யாத்விகாவிடமிருந்து தகவல் வந்தது. பிறகு யாத்விகா மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். எந்த ஊர், புருஷன் பெயர் என்ன, ஒன்றும் தெரியவில்லை. எல்லைக்கு அப்பால் உறவு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாலே ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற காலம் அது. சாமி கிடையாது என்ற புது ஆட்சி எங்கள் கோயிலையும் பூட்டிவிட்டது. அக்கரை கொஸ்தெல் முதலில் உரக்கிடங்கு ஆயிற்று, பிறகு சிலுவையை இறக்கிவிட்டுப் படம் காட்டுகிற மன்றம் ஆக்கினார்கள். தெக்லா கூட்டுப் பண்ணையில் பீட்ரூட் தோண்டினாள். ஆற்றங்கரைக்குப் போவதை விட்டுவிட்டாள். துணி துவைக்கக்கூடக் கிணற்றடிதான்.

யாரினா வளர்ந்தாள். பண்ணையில் பால் கறக்கும் வேலை கிடைத்தது. கெட்டிக்காரி, சட்டென்று கோபம் வரும். அம்மா தன்னைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொருவனையும் வைத்துப் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். தன் உயரத்தைச் சுவரில் குறித்தபோது, "இன்னேரம் அவன் இதுக்கு மேல இருப்பான்" என்று அம்மா சொன்னதை அவள் மறக்கவே இல்லை.

அவளுக்கு இருபத்தைந்து வயது நடந்த கோடையில்தான் கீவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். லாரி, குதிரை, கூடாரம் என்று ஆற்றங்கரையே திருவிழா ஆகிவிட்டது. படத்தின் கதை எங்கள் பக்கத்துப் பழைய கதைதான். அந்தக் காலத்தில் படையெடுத்து வந்த தாத்தார் தலைவனின் மகனுக்கும், அவர்களோடு சண்டை போட்ட நம் கொசாக் வீரர் வீட்டுப் பெண்ணுக்கும் காதல். இரண்டு ஜனமும் கத்தியை எடுத்துக்கொண்டு துரத்துகிறது. இருவரும் ஆற்றில் குதித்து, எதிரெதிர்க் கரையில் இரண்டு மரமாக முளைக்கிறார்கள். எங்கள் ஊரில் சொல்கிற கதையில் பெண் மட்டும்தான் சாவாள், பையன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். அதைச் சொன்னால் கீவ்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை.

இயக்குநருக்கு முழங்கையளவு தாடி. ஊருக்கு அவர் தாடிக்காரர்தான். நடிகர்கள் சிலரைத்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மற்றதற்கெல்லாம் ஊரில் முகம் தேடிக்கொண்டு திரிந்தார். பீட்ரூட் வயலில் தெக்லாவைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அகலக் கன்னம், சற்று மேலேறிய கண், வெயிலில் கருத்த தோல். தாத்தார் பையனின் அம்மா கிடைத்துவிட்டாள் என்று சத்தம் போட்டார்.

அன்றே ஊருக்கு வேலை வந்துவிட்டது.

"கேட்டியா, நம்ம லியாஷ்கா இப்ப தாத்தாரிச்சி ஆயிட்டாளாம்!" என்று யவ்தோகா கிணற்றடியில் தொடங்கி வைத்தாள். "மொதல்ல போலந்து, இப்ப தாத்தார். அடுத்தது துருக்கியா தெக்லா?"

"ஒன்னய மாதிரி மூஞ்சி இருந்தா நம்ம கொசாக்காவே எடுத்துக்கிட்டிருப்பாங்க, மீசையோட" என்றாள் தெக்லா. கிணற்றடி முழுக்கச் சிரித்தது. யவ்தோகாவுக்கு மேலுதட்டில் கொஞ்சம் மீசை உண்டு.

ஆனால் தெக்லா நடிக்க ஒத்துக்கொள்ளவில்லை. உடைப் பொறுப்பாளர் ரிம்மா என்ற பெண் மூன்று தடவை வீடு தேடி வந்தாள். கடைசித் தடவை வந்தபோது வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த தெக்லா சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"இந்தப் படமெல்லாம் எங்க காட்டுவீங்க?"

"எல்லா ஊர்லயும்தாங்க. தாடிக்காரர் படத்துக்கு வெளிநாட்டுலயும் மவுசு. போன படம் போலந்துல நல்லா ஓடிச்சு."

தெக்லாவின் கை நின்றுவிட்டது.

"போலந்துலயா? பெரிய ஊர்ல மட்டுமா, சின்ன ஊர்லயுமா?"

"எல்லா ஊர்லயும் கொட்டாய் இருக்கே. ஏங்க?"

"ஒன்னுமில்ல. எனக்குப் பேச ஏதாச்சும் இருக்கா, இல்ல சும்மா நிக்கணுமா?"

"ஒரு வார்த்தைதான். பையன் குதிரையில ஏறி எதிரி ஊருக்குப் போறான். நீங்க கரையில நின்னு அவனக் கூப்பிடணும்."

தெக்லா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வர்றேன்" என்றாள்.

யாரினாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. இரட்டைப் பிறவியிடம் எதை மறைக்க முடியும்?

"அவன் பாப்பான்னுதான போற?"

"பாக்க வேணாம். பாத்தா என் மூஞ்சி அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது? நாலு வயசு. கேட்டா போதும். அந்தப் பேர்ல அவன நான் மட்டுந்தான் கூப்பிட்டிருக்கேன். எந்த மூலையில ஒக்காந்திருந்தாலும் நிமிந்து பாப்பான்."

"அம்மா, நான் இங்கதான இருக்கேன். பக்கத்துல, இந்தக் கூரைக்குக் கீழ. ஒரு நாளாச்சும் என்ன நிமிந்து பாத்திருக்கியா?"

மகள் வாளியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய்விட்டாள். அம்மாவும் மகளும் சில நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

படப்பிடிப்பு அன்று தெக்லாவுக்கு ஆட்டுத்தோல் அங்கியும் தலையில் காசு மாலையும் போட்டார்கள். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. இருபது வருஷம் கழித்து அவள் அந்தக் கரையில் கால் வைக்கிறாள் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அவளுடைய அங்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். படக்கருவி மாவு மில் மாதிரி கடகடத்தது. நடிகன் குதிரையைத் தண்ணீரில் இறக்கினான்.

"ஒங்க மகனக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க. ஒங்களுக்குத் தோணுறபடி" என்றார் தாடிக்காரர்.

தெக்லா ஒரு கையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"லுத்கோ-ஓ-ஓ!"

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போயிற்று. எங்களில் வயதானவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் கேட்ட குரல். யவ்தோகா சிலுவை போட்டுக்கொண்டாள். நடிகனுக்கு என்ன தோன்றியதோ, சொல்லிக்கொடுக்காமலே திரும்பிப் பார்த்தான். தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும், இன்னொரு தடவ வேணாம்" என்றார். வந்து தெக்லாவின் கையில் முத்தம் கொடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அக்கரையிலிருந்து பதில் வருமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். பழக்க தோஷம்.

சினிமாக்காரர்கள் போன பிறகு படம் வருவதாகக் காணோம். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. கொசாக்குகளைப் பற்றி அவ்வளவு அழகாக எடுத்தது தப்பாம், எங்கள் ஜனத்துக்குத் தனிப் பெருமை வந்துவிடுமாம். தெக்லா ஆளைக் கண்டால் கேட்பாள், படம் வந்துவிட்டதா என்று. பட்டப்பெயர் தாத்தாரிச்சி என்றே நிலைத்துவிட்டது. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பிறகு ஒருநாள் நூலகத்துக்காரர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். படம் போலந்தில் ஓடுகிறதாம். கிராகோவில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். எங்கள் நாட்டில் இன்னும் வரவில்லை, அங்கே முதலில் போய்விட்டது.

அந்த நாளிலிருந்து தெக்லா வேறு மனுஷி ஆகிவிட்டாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஜன்னல் சட்டத்துக்கு நீல வர்ணம் பூசினாள். வாத்துகளில் கொழுத்த ஒன்றை யாருக்கும் விற்காமல் வைத்திருந்தாள். மாலை பஸ் வருகிற நேரத்துக்கு வேலை இல்லாமல் நிறுத்தத்துப் பக்கம் போய் நிற்பாள். யாராவது கேட்டால், "உப்பு வாங்க வந்தேன்" என்பாள். அந்தக் குடும்பம் அவ்வளவு உப்புத் தின்றிருந்தால் எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

யாரினாகூட மாறிப்போனாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, ஒருநாள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வந்தா எங்க படுக்க வைக்கிறது?"

"ஒன் கட்டில்ல. நீ அடுப்புத் திண்ணை மேல படுத்துக்க, கதகதப்பா இருக்கும்."

"நெட்டையா இருப்பானே, அப்பா மாதிரி. கால் நீட்ட முடியாதே."

"ஒரு பெஞ்சு போட்டு இழுத்துக்கலாம்."

இருவரும் உட்கார்ந்து அவனுடைய காலின் நீளத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸுக்குப் பாயசம் வைத்தார்கள், ஜனவரியில் மறுபடியும் வைத்தார்கள். யாரும் வரவில்லை. "லீவு கெடச்சிருக்காது" என்றாள் தெக்லா.

பனி கரைகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் எங்கள் ஊருக்கே வந்தது. அக்கரை மன்றத்தில்தான் காட்டினார்கள். பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் அது. பீடம் இருந்த இடத்தில் திரை தொங்கியது. தெக்லா பூப்போட்ட தலைத்துணி கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். யாரினா ஒரு பக்கம், யவ்தோகா மறுபக்கம்.

படம் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நம் ஆறு, நம் மலை, நம் ஆட்கள். தெரிந்த மாடு திரையில் வந்தால்கூட ஜனம் பெயர் சொல்லிக் கத்தியது. பிறகு தாத்தார் பையன் குதிரையை ஆற்றில் இறக்கினான். கரையில் தெக்லா நின்றாள். திரை முழுக்க அவள் முகம். கையைக் கன்னத்தில் வைத்தாள். வாயைத் திறந்தாள்.

வேறொரு பெண்ணின் குரல் வந்தது.

இளம் குரல், தேர்ந்த குரல். தாத்தார் பாஷையில் ஏதோ சொன்னது, நீளமாக, பாட்டு மாதிரி. தெக்லாவின் உதடு "கோ" என்று குவிந்தபோது அந்தக் குரல் வேறு ஏதோ எழுத்தில் இருந்தது. அவ்வளவுதான். குதிரை அக்கரைக்குப் போய்விட்டது, படம் மேலே ஓடியது.

தெக்லா கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போட்டதும் நேராகப் படம் ஓட்டுகிறவனிடம் போனாள்.

"தம்பி, என் பேச்சு எங்க?"

அவன் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தான். "என்ன பேச்சு?"

"நான் கூப்பிட்டேன். எல்லாரும் கேட்டாங்க. வேற யாரோ பேசுறா."

"அதாக்கா? சினிமாவுல அங்க பேசுறதெல்லாம் எடுக்கிறதில்ல. மெஷின் சத்தத்துல என்ன கேக்கும்? பின்னால கீவுல ஒரு ரூமுல ஒக்காந்து, படத்தப் பாத்துக்கிட்டே வேற ஆளுங்க பேசுவாங்க. நீங்க தாத்தார் அம்மா, அதனால தாத்தார் பாஷ தெரிஞ்ச நடிகையத் தேடிப் பிடிச்சிருக்காங்க. எவ்வளவு அக்கறையா எடுத்திருக்காங்க பாருங்க."

"போலந்துலயும் இந்தப் படம்தானா?"

"வேற எந்தப் படம்? இதேதான்."

அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தாடிக்காரரையும் சொல்ல முடியாது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. திரையில் ஒருத்தி வாயைத் திறந்தால் அவள் குரல்தான் வரும் என்று ஊர் முழுக்க நம்பியிருந்தோம்.

வெளியே வெயிலில் ஜனம் தெக்லாவைச் சூழ்ந்துகொண்டது. யவ்தோகா அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"அடியே தெக்லா, கல்லும் கரைஞ்சுடும்டி! என்னமா கூப்பிட்ட! அந்தப் பாஷைய எப்படீ கத்துக்கிட்ட?"

தெக்லா அவளைப் பார்த்தாள்.

"அது எங்கம்மா கொரல் இல்ல" என்றாள் யாரினா.

"சும்மா இருடி. நான் ரெண்டு காதாலயும் கேட்டேன். அன்னைக்குக் கரையில கேட்ட அதே கொரல். எனக்கு அப்பவே ஒடம்பு சிலுத்துச்சு."

கூட்டத்தில் இருந்தவர்களெல்லாம் ஆமாம் என்றார்கள். அதே குரல்தான் என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தார்கள். மகளைத் தவிர ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தெக்லா மன்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தலைத்துணி கழுத்தில் நழுவிக் கிடந்தது.

"கேட்டிருப்பான் யாரினா. ஏதாச்சும் ஒரு கொட்டாயில ஒக்காந்து கேட்டிருப்பான். எவளோ ஒரு தாத்தாரிச்சி, அவ புள்ளையக் கூப்பிடுறான்னு நெனச்சுக்கிட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பான்."